முத்தையன்கட்டுப் பக்கத்து இலைக்கறி

மாங்குளத்தையும் முல்லைத்தீவையும் இணைக்கும் ஏ-34 வீதியில் இருக்கிறது ஒட்டுசுட்டான். அங்கிருந்து முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் திரும்பினால் ஒருபுறம் வயல், மறுபுறம் காடு. தை மாதத்தில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக இருக்கும். மாரி மழை ஓய்ந்து, வேலிகளில் முசுட்டைக் கொடி படர்ந்து, குளக்கரையில் பொன்னாங்காணி தழைத்திருக்கும் காலம் அது. பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்களைச் சந்திப்பதற்காகவே நான் இந்தப் பக்கம் போய் வருகிறேன். அந்த வீடுகளில் கற்றுக்கொண்ட பல விடயங்கள் எனது சமூகவியல் பாடப்புத்தகங்களில் இருக்கவில்லை.

எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சியோடு ஒரு காலை நடந்தேன். ஒழுங்கையைத் தாண்டுவதற்குள் அவரது மடி நிறைந்துவிட்டது. முசுட்டை, முல்லை, தூதுவளை, சாரணை, முடக்கொத்தான், சிறுகுறிஞ்சா. "வேரோட பிடுங்காத பிள்ளை, நுனியைக் கிள்ளு. வாற கிழமையும் எங்களுக்கு வேணுமெல்லே" என்றார். சிறுகுறிஞ்சா இலை ஒன்றை மெல்லச் சொல்லிவிட்டு, பிறகு ஒரு கரண்டி சீனி தந்தார். சீனி மணலைப் போல இருந்தது. இனிப்பையே மறைத்துவிடும் இலை அது.

முசுட்டையை மெல்லியதாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்து வறை செய்தார். இறக்கியபின் தேசிக்காய் பிழிந்தார். ருசிக்காகத்தான் பிழிவதாகச் சொன்னார். இலையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள அந்தப் புளிப்பு உதவுகிறது என்பதை விஞ்ஞானமும் சொல்கிறது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தச் சத்தின் ஒரு பகுதி வீணாகிவிடும். ஒரு மணித்தியாலமாவது பொறுப்பது நல்லது.

ஆனி, ஆடியில் காடு வேறு உணவைத் தருகிறது. பாலைப்பழம், வீரைப்பழம் பழுக்கும் காலம். பாலைப்பழத்தை அளவுக்கு மிஞ்சித் தின்றால் உதடுகள் பாலில் ஒட்டிக்கொள்ளும். கரடிக்கும் இந்தப் பழத்தில் ஆசை. அதனால் பெண்கள் தனியே போவதில்லை. சத்தமாகக் கதைத்தபடி கூட்டமாகவே போவார்கள்.

எதை உண்ணலாம் என்பதைப் போலவே எதைத் தொடக்கூடாது என்பதும் இந்த அறிவுதான். கார்த்திகைப் பூவின் கிழங்கு கடும் நஞ்சு. பூவும், நுனி சுருண்ட இலையும் இருக்கும்வரை கொடியை எவரும் அடையாளம் காணலாம். கொடி காய்ந்தபின் மண்ணுக்குள் கிழங்கு மட்டும் கிடக்கும். அதை உண்ணும் கிழங்கென்று எண்ணி அவித்து உயிரிழந்தவர்கள் நமது நாட்டில் இருக்கிறார்கள். "கலப்பை மாதிரி கவர் விட்ட கிழங்கைக் கண்டால் கையை எடு" என்று ஆச்சி பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

ஆச்சியின் அயலில் ஒரு தாய் இருக்கிறார். 2009 இல் கணவரை இழந்தவர். பல வருடங்களாக அவரது அடுப்பில் இலைக்கறி ஏறவில்லை. "கடைசி மாதங்களில கண்ட இலையெல்லாம் அவிச்சுத் தின்டனாங்கள், தங்கச்சி. அந்த மணம் வந்தால் பங்கர்தான் நினைவுக்கு வரும்" என்றார். 2022 இல் விலைவாசி ஏறியபோது அவரது மகள் கர்ப்பமாக இருந்தாள். இரத்தம் குறைவு, கீரை வகைகள் கொடுங்கள் என்று குடும்பநல மாது சொன்னார். மகளுக்காக அவர் மீண்டும் காட்டு ஓரத்துக்குப் போனார். இன்றும் மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் சமைக்கிறார், தான் உண்பதில்லை. அவரை உண்ணச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை.

இலைக்கறி என்றால் ஏழைச் சாப்பாடு, இடம்பெயர்ந்த காலத்துச் சாப்பாடு என்ற வெட்கம் பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளையின் பள்ளிக்கூடப் பெட்டியில் அதை வைக்கத் தாய்மார் தயங்குகிறார்கள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அந்த வருடங்களில் முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்ட வழியிருக்கவில்லை. ஊர் திரும்பியபோது, மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைகள் காட்டு ஓரங்களில் நின்றன. ஒரு தலைமுறை இலைகளின் பெயர் தெரியாமலே வளர்ந்துவிட்டது.

பரம்பரை அறிவு என்றால் நாம் வைத்தியரையும் ஏட்டையும்தான் நினைக்கிறோம். குசினியில் நிற்கும் பெண்ணின் அறிவை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. போர்க்காலத்தில் பல குடும்பங்களின் பசியைத் தணித்தது அந்த அறிவுதான்.

சகோதரிகளே, உங்கள் ஊரில் இலை தெரிந்த ஓர் ஆச்சி இருப்பார். ஒரு கொப்பியோடு அவரிடம் போங்கள். இலையின் பெயர், வளரும் இடம், பறிக்கும் காலம், சமைக்கும் முறை, விலக்க வேண்டியது எது என்று எழுதுங்கள். மகளையும் மகனையும் கூட்டிச் செல்லுங்கள். அறியாத இலையையோ கிழங்கையோ வாயில் வைக்காதீர்கள். வெடிபொருள் அகற்றப்பட்டது என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் கால் வைக்காதீர்கள். வேலியோரத்தில் ஒரு முசுட்டைக் கொடியை நட்டுவிட்டால் காட்டுக்கே போகத் தேவையில்லை. தடியொன்று ஊன்றிவிட்டால் தூதுவளையும் முற்றத்திலேயே படரும்.