டியூப் லைட் யாரு?

நீங்க இருக்கிற ஹாஸ்டல் ரூம்லயோ, கிளாஸ்லயோ பழைய டியூப் லைட் எரியுதா? ஒரு நிமிஷம் காதைத் தீட்டிக் கேளுங்க. 'ம்ம்ம்...'னு ஒரு ரீங்காரம். அது சோக் போடுற சத்தம். நான் டிரிபிள் ஈ மூணாவது வருஷம். நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால சோக் விநாடிக்கு 100 தடவை அதிரும்னு எழுதி முழு மார்க் வாங்கின ஆளு! ஆனா அதே லைட் எங்க வீட்டு ஹால்ல என் தம்பியைப் பாடாய்ப் படுத்தினது மட்டும் எனக்குத் தெரியவே தெரியாது.

தம்பிக்கு 14 வயசு. ஆட்டிசம். பேச மாட்டான். சாயந்திரம் லைட்டைப் போட்டா ஓடி வந்து அணைப்பான். நாங்க போடுவோம், அவன் அணைப்பான், அம்மா திட்டுவாங்க. "என்ன பிடிவாதம்டா இது!" - இதுதான் நாங்க கண்டுபிடிச்ச காரணம்.

ரெண்டு வருஷம் முன்னாடி, படத்தைத் தொட்டா அந்த வார்த்தையைச் சொல்ற ஆப் ஒண்ணை டேப்லெட்ல போட்டுக் கொடுத்தோம். இந்த மாதிரி ஆப்ல ஒண்ணான 'ஆவாஸ்' நம்ம சென்னைல பிறந்ததுன்னு தெரியுமா? ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல படிச்ச அஜித் நாராயணன், கோட்டூர்புரம் 'வித்யா சாகர்' பள்ளியோட சேர்ந்து, பேச முடியாத குழந்தைகளுக்காக உருவாக்கினது. அதுக்காக 2011-ல எம்.ஐ.டி. பத்திரிகையோட இளம் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியல்லயும் அவர் பேரு வந்துச்சு. (ஃபைனல் இயர் புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குற நண்பர்கள் கவனிக்க!)

எங்க பாட்டிக்கு இதுல இஷ்டமே இல்ல. "மெஷினைக் கொடுத்தா வாயே திறக்க மாட்டான்." நிறைய வீட்ல இதே பயத்துல வருஷக்கணக்கா தள்ளிப்போடுறாங்க. இந்த மாதிரி கருவிகள் பேச்சைத் தடுக்கிறதா ஆய்வுகள்ல தெரியல. ஆனா ஒரு விஷயத்துல உஷாரா இருக்கணும். அவன் கையை நாம பிடிச்சுக்கிட்டு டைப் பண்ண வைக்கக் கூடாது. அப்படி ஒரு முறையை 1990-கள்ல சோதிச்சுப் பார்த்தப்போ, வந்த வார்த்தையெல்லாம் கை பிடிச்சவங்களோடதுதான்னு தெரிஞ்சுது. விரலும் அவனோடதா இருக்கணும், தப்பும் அவனோடதா இருக்கணும்.

ஒரு சாயந்திரம் தம்பி அழுத்தினான்: 'சத்தம்'. 'வேண்டாம்'. அம்மா டி.வி-யை நிறுத்தினாங்க. மிக்ஸி ஓடல. ஃபேனையும் நிறுத்தினோம். திரும்பவும் 'சத்தம்'. கடைசியா லைட்டை அணைச்சேன். காதுல இருந்து கையை எடுத்துட்டு அமைதியா உட்கார்ந்துட்டான். இருட்டுல நாங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். மறுநாளே எல்.இ.டி. மாட்டியாச்சு.

ஆட்டிசம் இருக்கிறவங்கள்ல பலருக்கு சத்தம், வெளிச்சம், தொடுதல் எல்லாம் ரொம்ப அதிகமாவோ, ரொம்பக் குறைவாவோ தாக்கும். 2013-ல வந்த டாக்டர்கள் கையேடான டி.எஸ்.எம்-5 இதையும் ஆட்டிசத்தோட அறிகுறிகள்ல ஒண்ணா சேர்த்திருக்கு. டேமியன் மில்டன்னு ஒரு ஆய்வாளர், அவருக்கும் ஆட்டிசம் உண்டு. 2012-ல அவர் எழுதினது இதுதான்: புரிஞ்சுக்கிறதுல இருக்கிற கோளாறு ஒரு பக்கம் மட்டும் இல்ல, ரெண்டு பக்கமும் இருக்கு. அதைப் படிச்சப்போ எனக்கு எங்க ஹால் ஞாபகம்தான் வந்துச்சு.

இப்ப சொல்லப்போறதை ஃப்ரெண்ட்ஸ்கிட்டகூட சொன்னதில்ல. ஃபர்ஸ்ட் இயர்ல கிளாஸ்மேட்ஸ் வீட்டுக்கு வந்தாங்க. தம்பி பக்கத்துலயே உட்கார்ந்து டப்பா மூடியைச் சுத்திட்டு இருந்தான். ஒருத்தி தயங்கித் தயங்கி அவனைப் பத்திக் கேட்டா. "அவனுக்கு ஒண்ணும் புரியாதுடி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். மூடி சுத்துறது நின்னுச்சு. அது தானா நின்னுச்சா, அவன் நிறுத்தினானா? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

போன மாசம் அவன் பக்கத்துல உட்கார்ந்து, "அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்புடா, சாரி"ன்னேன். என் முகத்தைப் பார்க்கல. கொஞ்ச நேரம் கழிச்சு டேப்லெட்டை இழுத்து, 'அக்கா'. 'போ'. அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி. 'தயிர் சாதம்'.

அந்த 'போ'வும் தயிர் சாதமும் ஒரே வாக்கியமா, வேற வேறயா? கேட்கலாமானு யோசிச்சேன். கேட்காம எழுந்து போய்ப் பிசைஞ்சு கொண்டு வந்தேன். ஊறுகாயைத் தள்ளி வெச்சுட்டு சாப்பிட்டான்.