கூறியது கூறும் சாலை

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களை வகுப்பில் நடத்தும்போது ‘கூறியது கூறல்’, ‘மாறுகொளக் கூறல்’ ஆகியவற்றுக்குப் புதிய எடுத்துக்காட்டுத் தேடி அலைவது என் வழக்கம். இவ்வாண்டு இரண்டும் தம்மம்பட்டியில், ஒரு மலைச்சாலையின் வரைபடத்தில் கிடைத்தன.

என் அக்காள் மகன் சாலை வடிவமைப்பு அலுவலகமொன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறான். பக்கத்துப் பட்டறையில் வாகைமரத்தின்மேல் உளி விழும் ஓசை நாளெல்லாம் கேட்கும் அறை அது. சாலையின் நடுக்கோடு, அதன் ஏற்ற இறக்கம், குறுக்குவெட்டு ஆகிய மூன்றையும் கொடுத்துவிட்டால் சிவில் த்ரீடி போன்ற மென்பொருள், சில மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குவெட்டுகளை நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக நிறுத்தி முழுச்சாலையையும் எழுப்பிவிடுகிறது. நேர்ச்சாலையில் வில்லங்கமில்லை.

வளைவில்தான் சிக்கல். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறியவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மறந்திருக்கமாட்டார்கள். இந்தியச் சாலைக் காங்கிரசின் நெறிகள் இத்தகைய வளைவின் உட்புறத்துக்குக் குறைந்தது 14 மீட்டர் ஆரம் கேட்கின்றன. அங்கே 8 மீட்டர் உயரக் கரையை ஒன்றுக்கு இரண்டு என்ற சரிவில் கொட்டினால், சமதரையில் அதன் அடி 16 மீட்டர் தள்ளிப்போய் விழும். வட்டத்தின் மையமோ 14 மீட்டரிலேயே இருக்கிறது. எனவே குறுக்குக் கோடுகளெல்லாம் மையத்தில் மோதி, ஒன்றையொன்று கடந்து மறுபுறம் விரிகின்றன. கழுத்தில் கட்டும் ‘போ டை’ போலத் தோன்றுவதால் அப்பெயரே நிலைத்துவிட்டது.

அம்முடிச்சுக்குள் ஒரே இடத்துக்கு இரண்டு உயரங்கள். மாறுகொளக் கூறல். அடுத்தடுத்த வெட்டுகளின் பரப்பைச் சராசரி எடுத்து, நடுக்கோட்டுத் தூரத்தால் பெருக்கி மண்ணளவு காண்பது வழக்கம். வளைவுக்கான திருத்தம் செய்யாவிட்டால் உட்புற மண் மிகையாக எண்ணப்படும். கூறியது கூறல். நம் மாணவர்க்கு இக்குற்றத்தால் அரை மதிப்பெண் போகும். இங்கே ஒவ்வொரு கனமீட்டருக்கும் பொதுப்பணம் போகிறது.

முடிச்சை அவிழ்க்க மென்பொருளிலேயே ஒரு கட்டளை உண்டு. அது பணியாத இடங்களில் சரிவின் விளிம்பைத் தனிக்கோடாகப் பிரித்து, வெட்டிக்கொள்ளும் புள்ளியோடு நறுக்கி, அதையே எல்லையாகக் கொடுத்து மாதிரியை மறுபடி எழுப்பவேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. எனக்குப் புணர்ச்சி விதிதான் நினைவுக்கு வந்தது: வருமொழியில் உயிர் வந்தால் குற்றியலுகரம் கெட்டு வழிவிடுகிறது. எந்த எழுத்துக் கெடும் என்பதற்கு நமக்கு நூற்பா இருக்கிறது. எந்தச் சரிவு கெடும் என்பதற்கு?

“அதுதான் மாமா சங்கடம். அவிழ்த்தால் படம் அழகாயிடும். ஆனா மேல்சாலையோட கரைக்கும் கீழ்சாலையோட வெட்டுக்கும் அங்க இடமே பத்தலைன்னுதான் சில முடிச்சு சொல்லுது. அதை நான் அழிச்சுட்டா, தாங்குசுவர் வேணும்னு யாருக்குத் தெரியும்?”

எட்டு முடிச்சுகளில் ஆறு வெறும் வரைகணிதப் பிழைகள், அவற்றை அவிழ்த்தான். மற்ற இரண்டையும் விட்டுவைத்துச் சிவப்பு வட்டமிட்டு, காரணம் எழுதி அனுப்பினான். அன்றிரவே சுத்தமான படம் வேண்டும் என்று மேலிருந்து கேட்டிருந்தார்கள். சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அக்காள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மறுமொழி வந்தது. சுவருக்கான நீளமும் உயரமும் கேட்டிருந்தார்கள்.