அரை டாலர் மரியாதை

அமெரிக்க நாடாளுமன்றத்தில் யாரும் எதிர்க்காத மசோதாக்கள் என்று ஒரு வகை உண்டு. அஞ்சலகத்துக்குப் பெயர் வைப்பது அதில் ஒன்று. நினைவு நாணயம் வெளியிடுவது இன்னொன்று. எதிர்ப்பு இல்லை என்பதால் வேலை சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு பொருள்களுக்கு மேல் நினைவு நாணயம் கிடையாது என்று சட்டமே இருக்கிறது. குழு மசோதாவைக் கையில் எடுப்பதற்கே பிரதிநிதிகள் சபையில் மூன்றில் இரண்டு பங்குப் பேர், அதாவது 290 உறுப்பினர்கள், ஆதரித்துப் பெயர் கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. செனட்டில் 67. நம்மூரில் நிதியமைச்சகத்தின் ஓர் அரசிதழ் அறிவிப்போடு முடிகிற காரியம், இங்கே வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்பது போல நடக்கிறது.

2019-இல் கன்சாஸ் சிட்டித் தொகுதியின் உறுப்பினர் இமானுவேல் கிளீவர் அப்படியொரு மசோதாவைக் கொண்டுவந்தார். அவருடைய ஊரிலேயே இருக்கும் நீக்ரோ லீக் பேஸ்பால் அருங்காட்சியகத்துக்கு உதவ, லீகின் நூற்றாண்டு நினைவாகத் தங்கம், வெள்ளி, அரை டாலர் என மூன்று நாணயங்கள். (அந்தப் பெயரைச் சொல்ல இன்று நாக்கு கூசுகிறது. ஆனால் வரலாற்றில் அதன் பெயர் அதுதான். அருங்காட்சியகமும் மாற்றவில்லை.) நான் அந்த ஊருக்கு அருகில் குடியிருப்பவன். பேஸ்பால் எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். நாணயப் பைத்தியம் மட்டும் சிறுவயதிலிருந்தே உண்டு. அதனால் அந்த மசோதா எங்கே நிற்கிறது, எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருந்தேன்.

1920 பிப்ரவரியில், கன்சாஸ் சிட்டியின் பாசியோ ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரூப் ஃபாஸ்டர் என்ற கறுப்பினத்தவர் மற்ற அணி உரிமையாளர்களைக் கூட்டி உட்கார வைத்துத் தொடங்கியதுதான் அந்த லீக். வெள்ளையர் அணிகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை. எழுதிய விதி எதுவும் தேவைப்படவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆட்டக்காரர்கள் பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் போனார்கள். பல ஊர்களில் ஹோட்டலில் அறை தரமாட்டார்கள், சாப்பாட்டுக் கடைக்குள் விடமாட்டார்கள். ஜோஷ் கிப்ஸன் போன்ற ஒருவர் அப்படியே ஆடி, 1947 ஜனவரியில் 35 வயதில் செத்துப்போனார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஜாக்கி ராபின்சன் வெள்ளையர் லீகில் காலடி வைத்தார். மூன்று மாதம்!

அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் ஒரு கம்பிவலை வரும், கோழிக்கூண்டுக்குப் போடுகிற அதே வலை. அதற்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன பேஸ்பால் மைதானம், அதில் ஆளுயர வெண்கலச் சிலைகளாக ஆட்டக்காரர்கள். வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கத்தான் முடியும். சுற்றிச் சுற்றி மொத்த வரலாற்றையும் படித்து முடித்த பிறகுதான் மைதானத்துக்குள் இறங்க வழி திறக்கிறது. என் மகள் முதல்முறை வந்தபோது நேரே உள்ளே ஓடப் பார்த்தாள். முடியவில்லை. "ஏம்ப்பா பூட்டி வெச்சிருக்காங்க?" என்றாள். கடைசியில் உள்ளே போன பிறகு அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை.

மசோதா 2020 டிசம்பரில் சட்டமானது. நூற்றாண்டு அந்த ஆண்டுதான். 2020-இன் நாணயங்களில் ஒன்று கூடைப்பந்துப் புகழரங்கத்துக்குப் போயிருந்தது. நீக்ரோ லீக் நாணயங்கள் வந்தது 2022-இல். நூற்றாண்டு நாணயம் நூற்றிரண்டாம் ஆண்டில்.

என்னை உறுத்துவது அந்தத் தாமதம் இல்லை, சட்டத்தின் உள்ளடக்கம். ஐந்து டாலர் தங்க நாணயம் அதிகபட்சம் 50,000, வெள்ளி டாலர் 4,00,000, அரை டாலர் 4,00,000. வாங்குபவர்கள் நாணயத்தின் விலைக்குள்ளேயே ஒரு கூடுதல் கட்டணம் கட்டுகிறார்கள்: தங்கத்துக்கு 35 டாலர், வெள்ளிக்கு 10, அரை டாலருக்கு 5. அந்தக் கூடுதல் கட்டணம் மட்டும்தான் அருங்காட்சியகத்துக்கு. அதுவும் நாணயச்சாலையின் செலவு முழுவதும் திரும்பி வந்த பிறகு. அதோடும் முடியவில்லை. கிடைக்கிற தொகைக்குச் சமமான தொகையை அருங்காட்சியகம் தனியாரிடமிருந்து திரட்டிக் காட்டினால்தான் காசு கைக்கு வரும். எல்லா நாணயமும் விற்றிருந்தால் கூட்டிப் பார்த்தேன், 77,50,000 டாலர். அந்த உச்சத்துக்கு அருகில்கூட விற்பனை போகவில்லை.

ஆக, அரசுக் கஜானாவிலிருந்து ஒரு செப்புக்காசு போகவில்லை. 290 பேர் பெயர் கொடுப்பதற்கு அதுவே காரணம் என்றுகூடச் சொல்வேன். 2006-இல் இதே நாடாளுமன்றம் இந்த அருங்காட்சியகத்துக்குத் 'தேசிய' என்ற பட்டத்தைக் கொடுத்தது. அப்போது பட்டம் மட்டும். இப்போது, உன் பெயரைச் சொல்லி உண்டியல் குலுக்கிக்கொள்ள அனுமதி.

இதை நான் புலம்பியபோது, என்னைவிடப் பெரிய நாணயப் பைத்தியமான நண்பர் ஒருவர் சிரித்தார். "நீங்க ஒண்ணு. ஜாக்கி ராபின்சன் தங்க நாணயம் தெரியும்ல?" தெரியும். 1997-இல் வெளியிட்டார்கள். யாரும் சீண்டவில்லை. ப்ரூஃப் அல்லாத வகையில் விற்றது ஐயாயிரத்துச் சொச்சம்தான். வாங்க ஆள் இல்லாத காரணத்தாலேயே பிற்பாடு அது அரிய நாணயமாகி விலை எகிறியது. அந்த லாபத்தில் ராபின்சன் பெயரில் இயங்கும் அறக்கட்டளைக்குப் பங்கு கிடையாது. லாபமெல்லாம் என் நண்பரைப் போன்றவர்களுக்கு. "அதனால பேசாம ரெண்டு வாங்கிப் போடுங்க சார்" என்றார்.

நான் ஒன்றுதான் வாங்கினேன். அரை டாலர். அதன் முகமதிப்பைப் போலப் பல மடங்கு விலை. ஓர் ஆட்டக்காரரும் அவருக்குப் பின்னால் அணியின் பஸ்ஸும். தங்கத்தில் ரூப் ஃபாஸ்டரின் முகம் இருக்கிறது, என் வசதிக்கு அது எட்டாது. ஆனால் எனக்குப் பிடித்தது பஸ்தான்.

பெட்டியைத் திறந்தபோது நினைவுக்கு வந்தது வேறொரு நாணயம். 1995-இல் எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு இந்திய அரசு நாணயம் வெளியிட்டது. அது டவுன் பஸ் கண்டக்டர் தந்த சில்லறையில் என் கைக்கு வந்தது. டீக்கடைக்காரர் கையில், பிச்சைக்காரர் தட்டில் என்று எல்லா இடத்திலும் வள்ளுவர் புரண்டார். தேய்ந்தார். அது மரியாதையா அவமரியாதையா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. அமெரிக்க நினைவு நாணயம் செல்லத்தக்க பணம்தான், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் யார் சில்லறையிலும் வராது. தேடி, காசு கொடுத்து வாங்குபவனுக்குத்தான். அவனுக்கு ஏற்கெனவே விஷயம் தெரிந்திருக்கும்.

மகளிடம் நாணயத்தைக் காட்டினேன். இப்போது அவளுக்கு விவரம் தெரிகிற வயது. கூடுதல் கட்டணக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கவர்மெண்ட் என்னதான் குடுத்துச்சு?" என்றாள்.

"அச்சடிச்சுக் குடுத்துச்சு" என்றேன்.

அதே 2022 ஜூலையில் பக் ஓ'நீலைக் கூப்பர்ஸ்டவுன் புகழரங்கத்தில் சேர்த்தார்கள். ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் இருந்து, பிறகு இந்த அருங்காட்சியகம் எழுவதற்கு ஊர் ஊராகப் பேசித் திரிந்தவர். 2006-இல் நீக்ரோ லீக்கைச் சேர்ந்த 17 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், இவரை விட்டுவிட்டார்கள். அந்த விழாவுக்குப் போய், அந்தப் பதினேழு பேர் சார்பில் இவரே பேசினார். அந்த அக்டோபரில் இறந்தார். அருங்காட்சியகத்தில் அவருடைய சிலையும் இருக்கிறது. மற்றவர்களெல்லாம் மைதானத்துக்குள் ஆடிக்கொண்டிருக்க, அவர் கம்பிவலையை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.