கடாரத்து ருத்திரன்

பயங்கரமான தெய்வங்களை நாகரிகத்தின் பெயரால் வீட்டைவிட்டு அனுப்பிவிட்ட ஜனங்கள், அந்தப் பயங்கரத்தைப் பிறகு வேறு எங்கேனும், கதையிலோ சினிமாவிலோ சங்கீதத்திலோ தேடிக்கொண்டு அலைகிறார்கள் என்று எனக்கு நெடுநாளாக ஓர் அபிப்பிராயம் உண்டு. மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்குக்கு உட்புறத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, விடிவதற்கு முன் முனியாண்டி கோயிலைக் கடந்து பால்மரக் காட்டுக்குப் போகும் தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு நடந்த ஒருவனுக்கு, இந்தக் காலத்து வாலிபர்கள் ‘பிளாக் மெட்டல்’ என்று சொல்லும் இசையைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்கலாம். பயத்தோடு எனக்கிருந்த பழைய பரிச்சயம் ஒன்றுதான் என் யோக்கியதை.

அந்த இசையை எனக்கு அறிமுகப்படுத்தியவன் என் தமக்கை மகன். சுங்கை பட்டாணி இரவுச் சந்தையில் ஒலிநாடாக்களைத் தேடித்தேடி வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்த அவன், ஒரு மாலை, “மாமா, இது வெள்ளைக்காரன் பாட்டு இல்ல, நம்ம ஆளுங்க போட்டது, கேளுங்க” என்று சொல்லி, சிங்கப்பூர்க் குழு ஒன்றின் முதல் ஆல்பத்தை ஓடவிட்டான். குழுவின் பெயர் ருத்ரா. 1998இல் வெளிவந்த அந்த ஆல்பத்துக்கும் அதே பெயர்தான். 1992இல் அங்குள்ள இந்திய வாலிபர்கள் தொடங்கிய அந்தக் குழுவில் கதிர் என்பவர் பேஸ் கிட்டாரை வாசித்துக்கொண்டே பாடுகிறார்; சிவா என்பவர் டிரம்ஸ் அடிக்கிறார். பாடுகிறார் என்று நான் எழுதுவது மரியாதையை உத்தேசித்து. தொண்டையின் அடிவாரத்திலிருந்து, சொல் இன்னதென்று செவிக்குப் பிடிபடாதபடி எழுந்துவரும் ஒரு கர்ஜனை அது. அதன் கீழே கிட்டார்கள் ஓயாமல் இரைய, டிரம்ஸ் மூச்சுவிட இடம் கொடாமல் விரட்டிக்கொண்டே போகிறது. கேட்டு முடித்தபோது எனக்குத் தலைவலி வந்தது உண்மை. ஆனால் எங்கேயோ முன்பே கேட்ட சப்தம் என்ற எண்ணமும் கூடவே வந்தது. எங்கே என்று அப்போது விளங்கவில்லை.

இந்த இசையின் பூர்வோத்தரத்தை அவன்தான் எனக்கு விஸ்தாரமாகச் சொன்னான். இங்கிலாந்தில் வெனம் என்ற குழு 1982இல் ‘பிளாக் மெட்டல்’ என்று ஓர் ஆல்பத்துக்குப் பெயர் வைக்கப்போய், அதுவே ஒரு சம்பிரதாயத்தின் நாமதேயமாகிவிட்டது. வெனத்துக்குச் சாத்தான் ஒரு மேடை வேஷம். பத்து வருஷம் கழித்து நார்வே தேசத்து வாலிபர்கள் சிலர் அந்த வேஷத்தை மெய்யென்று எடுத்துக்கொண்டார்கள். 1992 ஜூனில் பெர்கன் நகரத்தருகே ஃபான்டாஃப்ட் என்ற பழைய மரத் தேவாலயம் எரிந்து சாம்பலாயிற்று. வேறு பல தேவாலயங்களும் எரிந்தன. மேஹெம் என்ற குழுவின் முதல் முழு ஆல்பம், சாத்தானின் ரகசியச் சடங்குகளைக் குறிக்கும் லத்தீன் தலைப்போடு 1994இல் வெளிவந்தபோது, அதில் கிட்டார் வாசித்தவர் உயிரோடு இல்லை. முந்தின வருஷம் ஆகஸ்டில் அவரைக் கொலை செய்தவரோ அதே ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே தட்டில் அருகருகே வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால், அந்தக் குழுவினர் வரவழைக்க முயன்ற எந்தப் பிசாசைக் காட்டிலும் அந்த உண்மையே எனக்கு நடுக்கத்தைத் தருகிறது.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். சாத்தானை அழைத்து ஒருவன் ஊரைத் திடுக்கிடச் செய்ய வேண்டுமானால், ஊரின் நடுவில் ஒரு தேவாலயம் இருக்க வேண்டும். அதன் மணியோசையில் வளர்ந்து, அதன் கண்டிப்பில் சலித்து, அதை எதிர்க்கத் துணிந்த ஒரு பிள்ளை இருக்க வேண்டும். கடவுள் என்பது முழுக்க ஒளி, பயங்கரம் முழுக்க எதிரியின் பக்கம் என்று பாகப்பிரிவினை நடந்துவிட்ட தேசத்தில்தான் எதிரிக்கு இத்தனை கிராக்கி. நம் சம்பிரதாயத்தில் அந்தப் பாகப்பிரிவினை நடக்கவில்லை. யஜுர் வேதத்து ஸ்ரீருத்ரம், அம்பும் வில்லும் ஏந்திய அந்தத் தேவனின் கோபத்துக்கே முதலில் நமஸ்காரம் சொல்கிறது. அவனைத் திருடர்களுக்குத் தலைவன் என்றும், மலையில் வசிப்பவன் என்றும் போற்றுகிறது. ‘எங்கள் குழந்தைகளைக் கொல்லாதே, பெரியவர்களைக் கொல்லாதே’ என்ற பொருளில் அவனிடமே மன்றாடுகிறது. கெஞ்சுவதும் அவனிடம், அஞ்சுவதும் அவனை. சிங்கப்பூர் வாலிபர்கள் இந்தச் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டதுதான் அவர்களுடைய முதல் ஆல்பத்தின் விசேஷம் என்று நினைக்கிறேன். இரவல் பிசாசு ஒன்றைக் கொண்டுவராமல், தம் பாட்டனார் கும்பிட்ட உக்கிரத்தின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார்கள். தம் இசையை வேத மெட்டல் என்றும் அழைத்தார்கள்.

அந்த ருத்திரன் எங்கள் பிரதேசத்துக்குப் புதியவனும் அல்லன். ஜெராய் மலையின் அடிவாரத்தில், மெர்போக்கில், புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தைச் சிவாலயம் என்றே ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். 1025ஐ ஒட்டி ராஜேந்திர சோழனின் கப்பல்கள் வந்து தாக்கிய கடாரம் இந்த வட்டாரம்தான். அந்தச் சிவன் பிற்பாடு மலாய் மந்திரவாதிகளின் உச்சாடனங்களில் பத்தாரா குரு என்ற பெயரோடு குடியிருந்ததை, 1900இல் மலாய் மாந்திரீகம் பற்றிப் புத்தகம் எழுதிய ஸ்கீட் என்ற ஆங்கிலேயர் பதிவுசெய்திருக்கிறார்.

தோட்டத்து முனியாண்டி இவர்களெல்லோருக்கும் பிந்தி, கப்பலில் எங்கள் பாட்டன்மாரோடு வந்தவர். அவருக்கு விமானமும் இல்லை, கோபுரமும் இல்லை. தோட்டத்து எல்லையில் ஒரு பெருமரம், அடியில் எண்ணெய் ஏறிக் கறுத்த ஒரு கல், பக்கத்தில் ஊன்றிய சூலமும் அரிவாளும், கிளையில் கட்டிய கறுப்புத் துணி. அவ்வளவுதான் அவருடைய சாந்நித்தியம். படையல் சுருட்டும் கள்ளும். திருவிழாவில் கிடாயும் சேவலும். புலி நடமாடிய காட்டுக்குள் இருட்டில் பால்மரம் சீவப் போனவர்களுக்கு, புலியைவிட முரடான ஒருவர் துணைக்கு இருப்பது அவசியமாக இருந்தது. பூசாரிக்கு அருள் வந்து, உடுக்கைச் சத்தம் ஏற ஏற அவர் தொண்டையிலிருந்து, பகலில் அவரிடம் கேட்டறியாத ஒரு குரல் புறப்படும்போது, பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து எங்களை அதட்டும் கிராணியார்கூடக் கைகட்டி நிற்பார். என் தமக்கை மகனின் ஒலிப்பெட்டியில் நான் இனங்கண்டுகொள்ளத் தவித்த சப்தம் அதுதான்.

அவன் அந்த ஒலிநாடாக்களைச் சேர்த்துக்கொண்டிருந்த நாளில்தான், 2001 நடுவில், கெடா மாநிலத்தில் ஒரு பீதி கிளம்பியது. பள்ளி மாணவர்கள் பிளாக் மெட்டல் கோஷ்டிகளில் சேர்ந்து ஆட்டு இரத்தம் குடிக்கிறார்கள், குர்ஆனை அவமதிக்கிறார்கள் என்றெல்லாம் செய்திகள் பரவின. பள்ளிகளில் விசாரணை நடந்தது. பிற மாநிலங்களுக்கும் அது தொற்றியது. அந்த ஆகஸ்டில் நடக்கவிருந்த மெகாடெத் என்ற அமெரிக்கக் குழுவின் கச்சேரியும் மலேசியாவில் நடக்காமல் போயிற்று. 2005இன் கடைசி இரவில் கோலாலம்பூரில் ஒரு கச்சேரிக்குள் போலீஸார் புகுந்து நூற்றுக்கணக்கான வாலிபர்களைப் பிடித்ததும், அடுத்த மாதமே தேசிய ஃபத்வா மன்றம் அந்தக் கலாசாரம் ஆகாது என்று தீர்ப்பளித்ததும் இதன் பின்விளைவுகள். தமிழ்ப் பிள்ளைகள்மேல் யாரும் பெரிதாகக் கண்வைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் வயிற்றில் நெருப்பு. என் தமக்கை, மகனுடைய கறுப்புச் சட்டைகளை மூட்டைகட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, ஆட்டுத்தலை அச்சிட்ட ஓர் ஒலிநாடா உறையைக் கையில் எடுத்துக்கொண்டு பழைய தோட்டத்துப் பூசாரியிடம் திருநீறு போடப் போனாள். ஆண்டுதோறும் தம் கையால் கிடா வெட்டிப் பழகிய அந்த மனிதர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆட்டுத்தலைதானே தாயி, நம்ம ஐயா முன்னால வைக்காததா?” என்று கேட்டாராம்.

இரத்தம் குடிக்கும் கதைக்குக் கெடா வெளியூரை நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. சமையற்காரியின் விரலிலிருந்து குழம்பில் சிந்திய இரத்தத்தைச் சுவைத்து, அந்த ருசியை விடமுடியாமல் நாட்டையே வேட்டையாடிய கோரைப்பல் அரசனாகிய ராஜா பெர்சியோங்கின் கதை இந்த மண்ணின் பழைய வரலாற்றுப் புராணத்திலேயே இருக்கிறது. ஓடிப்போனபோது அவன் தன் பற்களைப் பிடுங்கி எறிந்த இடம் பாலிங் என்று இன்றும் சொல்வார்கள். அலோர் ஸ்டாரில் பிறந்து தேசத்தின் முதல் பிரதம மந்திரியான துங்கு அப்துல் ரஹ்மானே அந்தக் கதையைச் சினிமாவுக்கு எழுதினார். ஒரு பிரதம மந்திரி ரசித்து எழுதிய பயங்கரத்தைப் பள்ளிப் பையன்கள் கறுப்புச் சட்டையில் அணிந்தபோது ஊர் நடுங்கியதன் நியாயம் எனக்குப் பூரணமாக விளங்கவில்லை.

ருத்ரா குழுவிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முதல் ஆல்பத்தின் முரட்டுத்தனம் நாளடைவில் தத்துவமாகப் பக்குவப்பட்டுவிட்டது. 2005, 2009, 2011 ஆகிய வருஷங்களில் வந்த பிரம்மவித்யா ஆல்பங்கள் மூன்றும் உபநிஷத்தையும் கீதையையும் அத்வைதத்தையும் விரித்துரைக்கின்றன. பாடுகிற கதிர் வேதாந்தம் போதிப்பவரும்கூட. யூஜின் டைரியநாதன் என்ற சிங்கப்பூர் இசையறிஞர் இவர்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார். எல்லாம் மெச்சத்தக்கதே. ஆயினும் ‘நானே பிரம்மம்’ என்று தெளிந்தவனுக்குக் கர்ஜனை எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. பயம் தீர்ந்த இடத்தில் அந்தக் குரல், பட்டாபிஷேகம் முடிந்த பிறகும் கவசத்தைக் கழற்றாத வீரனைப்போல் சற்றே விறைத்து நிற்கிறது. வேதத்து ருத்திரனை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றியவர்கள், வழியில் மரத்தடியில் நின்ற முனியாண்டியைப் பார்க்காமலே போய்விட்டார்கள்.

அவர்களை மாத்திரம் சொல்வானேன். நாங்களும் அதைத்தான் செய்தோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தபோது, லயங்களோடு மரத்தடிக் கற்களும் பெயர்ந்தன. புதிய இடம் கிடைத்த முனியாண்டிகள் ஸ்ரீமுனீஸ்வரர் ஆனார்கள்; கல்லுக்குப் பதில் வர்ணம் பூசிய சிலை, கிடாய்க்குப் பதில் எலுமிச்சம்பழம், பூசாரிக்குப் பதில் தமிழகத்திலிருந்து வந்த குருக்கள். சுருட்டு மாத்திரம், யாரும் பார்க்காத வேளையில், எப்படியோ அவர் காலடிக்கு வந்துசேர்ந்துவிடுகிறது.

விரட்டப்பட்ட உக்கிரம் சும்மா இருக்கவில்லை. உறுமி மேளத்துக்குள் போய்ப் புகுந்துகொண்டது. சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் தேவஸ்தானத் தைப்பூசத்தன்று வீதியில் நின்று பார்த்தால் தெரியும்: கறுப்புச் சட்டை அணிந்த பையன்கள் வட்டமாக நிற்க, ஒருவன் வளைந்த குச்சியால் உறுமியின் ஒரு முகத்தை இழைக்கிறான், தோல் முனகுகிறது, தப்பும் சேர்ந்துகொள்ள, காவடி எடுத்தவனின் கண்கள் மேலே செருகுகின்றன. இது பக்திக்கு அடுக்காது, ரௌடிகளின் கூத்து, தடைசெய்ய வேண்டும் என்று பிரமுகர்கள் சொல்வதும், பிளாக் மெட்டலைப் பற்றி அன்று சொல்லப்பட்டதும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான். இந்தப் பையன்களை ஒழுங்குபடுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சில வேளைகளில் சண்டை வருவதை நானும் கண்டிருக்கிறேன்.

என் தமக்கை மகனுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. என்றாலும் உறுமிக்காரர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறான். “டிரம்ஸ் வேகம் கிட்டத்தட்ட ஒண்ணுதான் மாமா, இவங்க கிட்டார் இல்லாம அடிக்கிறாங்க” என்பது அவன் தீர்ப்பு. ருத்ரா குழுவினர் என்றைக்காவது ஒருமுறை ஜோகூர் பாலத்தைத் தாண்டி வடக்கே வந்து, பீடோங் உறுமிக்காரன் ஒருவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, முனியாண்டிக்கு என்று ஓர் ஆல்பம் போடுவார்களானால், தலைவலியைப் பொருட்படுத்தாமல் நான் காசு கொடுத்து வாங்குவேன். என் தமக்கை அதையும் பூசாரியிடம் கொண்டுபோவாள். அவர் அதைத் திருப்பிக் கொடுப்பாரா என்பதுதான் சந்தேகம்.