பாகங்களில் குறையில்லை

கோலார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்த முதல் ஆவணம் நான்கு பக்க பில். முன் சக்கரங்களுக்கு இரண்டு டிஸ்க், இரண்டு காலிப்பர், பேட் ஒரு செட், பின் சக்கரங்களுக்குப் புது பிரேக் ஷூ, புதுக் குழாய்கள், பிரேக் ஆயில் இரண்டு டப்பா. ஒவ்வொன்றுக்கும் கம்பெனி ரசீது. "இதில் எந்தப் பாகம் பழுது என்று மனுதாரர் காட்டட்டும்" என்று பதில் மனுவில் கேட்டிருந்தார்கள். அன்று பஸ்ஸில் ராபர்ட்சன்பேட்டைக்குத் திரும்பும்போது அந்த பில்லை மூன்று முறை படித்தேன். எந்தப் பாகமும் பழுதில்லை. அதுதான் என் சங்கடம்.

வண்டி 1951-ஆம் வருட எம்.ஜி. டிடி. இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார், 1250 சிசி எஞ்சின். 1956-ல் மைசூர் அரசு கோலார் தங்கச் சுரங்கங்களை எடுத்துக்கொண்ட சமயம் சீமைக்குத் திரும்பிய ஒரு என்ஜினியரிடமிருந்து என் கட்சிக்காரரின் அப்பா வாங்கியது. அவர் சுரங்க ஆபீசில் கிளார்க். கட்சிக்காரர் பெமல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகனுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தாத்தாவின் வண்டியை ஒரு நாளாவது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்ட வேண்டும் என்பது பையனின் ஆசை. சோழவரத்தில் யுத்தகாலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாட்களில் தாத்தா ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதை கதையாகச் சொல்வாராம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பையன்.

டிடியில் நான்கு சக்கரத்துக்கும் ஒன்பது அங்குல டிரம் பிரேக். ஊருக்குள் ஓட்ட அது தாராளம். டிராக்கில் கதை வேறு. சுமார் 900 கிலோ வண்டியை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு பிரேக்கில் இறங்குகிறது. வேகம் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்கு. இது ஒவ்வொரு சுற்றிலும் வளைவுக்கு வளைவு நடக்கும். மூடிய டிரம்முக்குள் சேரும் சூடு வெளியேற நேரமிருக்காது. அதனால்தான் பையன் ஒரு பட்டறையில் வண்டியை விட்டு, முன்னால் டிஸ்க் பிரேக் போடச் சொன்னான். கேட்டதில் தப்பே இல்லை.

டிராக்கில் மூன்றாவது சுற்றில் பெடல் சட்டென்று தரை வரை போயிருக்கிறது. பையன் இரண்டு மூன்று முறை பம்ப் செய்திருக்கிறான். அழுத்தம் திரும்ப வந்த அதே நொடியில் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, வண்டி பம்பரமாகச் சுற்றி டயர் அடுக்கில் மோதியது. மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. வண்டியின் வலப்பக்கம் நசுங்கிப் போனது. 2022-ல் அப்பாவும் மகனுமாக என்னிடம் வந்தார்கள்.

நான் தயாரித்த முதல் மனுவில் ஒரு பெரிய தவறு இருந்தது. 'குறைபாடுள்ள பிரேக் பாகங்களைப் பொருத்தினார்கள்' என்று எழுதிவிட்டேன். பிரேக் பிடிக்கவில்லை என்றால் ஏதோ ஒரு பாகம் கெட்டது என்றுதான் வக்கீல் மூளை ஓடுகிறது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எதிர்த்தரப்பு நான்கு பக்க பில்லை நீட்டியது.

கட்சிக்காரரே ஒரு பெரியவரை அழைத்து வந்தார். சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் பகுதியில் ஃபிட்டராக இருந்தவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபோது வெளியே வந்தவர்களில் ஒருவர். அதன் பிறகு ஆண்டர்சன்பேட்டையில் லாரி, ஆட்டோ பிரேக் வேலை செய்து பிழைத்தார். நசுங்கிய வண்டி கட்சிக்காரர் வீட்டு ஷெட்டில் கிடந்தது. பெரியவர் அதன் அடியில் படுத்து ஒரு மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து கையைத் துடைத்தபடி கேட்டார்: "எல்லாச் சாமானும் பலமா வாங்கிப் போட்டுட்டா அது பிரேக்கா ஆயிடுமா சார்?"

சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அத்தனை ஆழத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்றும் கம்பிவடம் சுற்றும் டிரம்மைத் தன் பிரேக்கால் நிறுத்தி வைத்தவர் அவர். "வைண்டிங்ல டிரம்முக்கு ரெண்டு பக்கமும் பிரேக் கட்டை இருக்கும். ஒண்ணு முந்திக் கடிச்சாலும் ஆகாது, பிந்திக் கடிச்சாலும் ஆகாது. கூண்டுக்குள்ள ஆள் இருக்கான் இல்ல? காருக்கு அந்தக் கணக்கு வேற. இங்க முன்னாடி முந்திக் கடிக்கணும். பின்னாடி ஒரு துளி தள்ளித்தான்."

காரணத்தை அவர் ஒரு தீப்பெட்டியை மேசையில் தள்ளிக் காட்டி விளக்கினார். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன் சக்கரங்களுக்குச் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை முன் சக்கரம் அளவுக்கு இறுக்கினால் அது உருளாமல் நின்று வழுக்கும். வழுக்குகிற சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் கிடையாது. முன்னால் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஸ்டியரிங் மட்டும் கேட்காது. பின்னால் வழுக்கினால் வண்டியின் வால் முன்னுக்கு வந்துவிடும்.

டிஸ்க் போட்டால் பிரேக் பலமாகும் என்று நானும் நம்பியிருந்தேன். சூட்டைத் தாங்குவதில் டிஸ்க்தான் சிறந்தது, சந்தேகமில்லை. ஆனால் டிரம்முக்கு ஒரு குணம் உண்டு: சுழலும் டிரம்மே பிரேக் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். டிடியின் முன் சக்கரங்களில் இரண்டு ஷூவுமே அப்படி இழுபடும்படி வைத்திருந்தார்கள். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் கடிக்கும். ஆகவே காலிப்பரின் பிஸ்டன் பெரிதாக இருக்க வேண்டும். அல்லது பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பின்னால் சின்ன வீல் சிலிண்டர் போடலாம், பின் குழாயில் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வு வைக்கலாம். ரேஸ் கார்களில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர் வைத்து நடுவில் ஒரு பேலன்ஸ் பாரைத் திருகிக் கணக்குப் பார்ப்பார்கள். இந்த வண்டியில் இவற்றில் எதுவும் செய்யப்படவில்லை. முன்னால் கடி குறைந்தது. பின்னால் புது ஷூ போட்டதால் கடி கூடியது.

இரண்டாவது விஷயம் இன்னும் நுட்பமானது. பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டிருந்தார்கள். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். ஷூவை இழுக்கும் ஸ்பிரிங் பலமானது என்பதால் டிரம்முக்கு அதனால் தொந்தரவில்லை. டிஸ்க்கில் அந்த ஸ்பிரிங் இல்லை. எஞ்சிய அழுத்தம் பேடை டிஸ்க்கின்மேல் உரசிக்கொண்டே வைத்திருக்கும். நேர் பாதையில்கூட டிஸ்க் ஆறாது. பில்லில் இருந்த பிரேக் ஆயில் டாட் 3. புதிதாக டப்பா திறக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் 140 வரை இறங்கலாம் என்பது தரவிதி. டாட் 4-க்கு அவை 230, 155. ஆயில் கொதித்துக் குழாயில் குமிழி வந்தால் பெடல் குமிழியைத்தான் நசுக்கும், பிரேக்கை அல்ல. மூன்றாவது சுற்றில் பையனின் கால் தரையைத் தொட்டது அதனால்தான்.

அன்று இரவே மனுத்திருத்தம் தயாரித்தேன். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் குறைபாட்டையும் சேவையின் குறைபாட்டையும் தனித்தனியாக வரையறுக்கிறது. 85-ஆம் பிரிவு, சேவை அளித்தவரின் வேலை குறையுள்ளதாக இருந்து அதனால் தீங்கு விளைந்தால் அவரைப் பொறுப்பாளியாக்குகிறது. நாங்கள் குறை சொல்வது எந்தப் பாகத்தையும் அல்ல, அந்தப் பாகங்கள் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்தும் என்று கணக்குப் பார்க்காததை. அதைச் செய்வதற்குத்தான் கூலி வாங்கினார்கள். இதை எழுதிய பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

எதிர்த்தரப்பு மூன்று பக்கத்திலிருந்தும் வந்தது. பிரேக் திடீரென்று பழுதாவது யாரும் எதிர்பாராதது என்றார்கள். இதற்கு 1977-ல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது கைகொடுத்தது: மறைந்திருந்த இயந்திரப் பழுது என்று வாதாடுகிறவர், தான் எடுக்க வேண்டிய கவனமெல்லாம் எடுத்தும் அதைக் கண்டிருக்க முடியாது என்று நிரூபிக்க வேண்டும். டிராக்கில் கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டினார்கள். அது டிராக் நடத்துகிறவர்களுக்குக் கொடுத்தது, பட்டறைக்கு அல்ல.

என்னைக் கவலைப்படவைத்தது மூன்றாவது வாதம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி வண்டியை மாற்றியதே குற்றம், சட்டவிரோத வேலையைக் கேட்டவருக்கு நிவாரணம் இல்லை என்றார்கள். 2019-ல் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைக் கண்டிப்பாக வாசித்திருந்தது. நான் சட்டத்தின் சொற்களையே பிடித்துக்கொண்டேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து மாறக்கூடாது என்பதே அந்தப் பிரிவு. ஆர்.சி. புத்தகத்தை ஆணையத்தின் முன் விரித்து, பிரேக் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். 50 வருடத்துக்கு மேற்பட்ட பழைய வண்டிகளுக்காக 2021 ஜூலையில் வந்த விதியும் சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றின் மாற்றத்தைத்தான் சொல்கிறது. தவிர, வண்டி டிராக்குக்குப் போனது இன்னொரு வண்டியில் ஏற்றப்பட்டு, சாலையில் ஓடவில்லை.

பெரியவரின் பிரமாண வாக்குமூலம் தமிழில் இருந்தது. ஆணையத்துக்காகக் கன்னடத்தில் மொழிபெயர்த்தோம். முன்னும் பின்னும் கடி சரியாக அமைவதை அவர் 'அளவு' என்று மட்டும் சொல்லியிருந்தார். மொழிபெயர்ப்பாளர் அதை 'சமதோலன' என்று எழுதினார். வாசித்துக் காட்டியபோது பெரியவருக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. எழுத்து மூலமான குறுக்கு விசாரணையில் அவர் படிப்பைக் கேட்டார்கள். ஏழாம் வகுப்பு. அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பட்டம் கேட்கவில்லை, தனித்திறமையைத்தான் கேட்கிறது என்று வாதாடினேன். இத்தனை வருடம் மனிதர்கள் இவருடைய பிரேக்கை நம்பிப் பூமிக்குள் இறங்கினார்கள் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறியது. என் அப்பாவும் அந்தக் கூண்டில் இறங்கியவர்.

ஆணையத்தின் அனுமதியோடு பெரியவர் அந்த மாஸ்டர் சிலிண்டரை மேசையில் வைத்துப் பிரித்தார். சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய வால்வு. துடைத்து நீட்டி, "ஊதிப் பாருங்க சார்" என்றார். தலைவர் தயங்கிவிட்டு ஊதினார். ஒரு பக்கம் காற்று எளிதாகப் போனது. மறுபக்கம் திருப்பியபோது முட்டியது. அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீலிடம் கேட்டார்: "இதை எடுத்தீர்களா, இல்லையா? பில்லில் காணோமே."

சேவைக் குறைபாடு உண்டு என்று உத்தரவு வந்தது. வேலைக்குக் கொடுத்த தொகை, மருத்துவச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை. வண்டியின் பாரம்பரிய மதிப்புக்குக் கேட்டது தள்ளுபடி. மதிப்பீட்டு ஆவணம் தாக்கல் செய்திருக்க வேண்டும், நான் செய்யவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. மேல்முறையீடு பெங்களூரில் சமரசமாக முடிந்தது.

பணம் வந்த பிறகு பெரியவர் மூன்று மாதம் அந்த வண்டியோடு இருந்தார். வால்வு இல்லாத மாஸ்டர் சிலிண்டர், பின்னால் சிறிய வீல் சிலிண்டர், டாட் 4 ஆயில். ஒரு ஞாயிறு காலை என்னையும் கூப்பிட்டார்கள். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுக்குக் கீழே காலியான மண்தரை. ஒரு பக்கத்து முன் டயரிலும் பின் டயரிலும் சாக்பீஸால் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டார். பையன் மெதுவாக வேகமெடுத்து வந்தான். என்னைத் தரையில் குந்த வைத்து, "கோட்டையே பாருங்க, வண்டியப் பாக்காதீங்க" என்றார். பையன் பிரேக்கை அழுத்தினான். முன் சக்கரத்துக் கோடு நின்றது. பின் சக்கரத்துக் கோடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.