ஒரு மூச்சில் முடியும் தொடக்கம்

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. மருத்துவக் காப்பீட்டைத் தொலைபேசியில் விற்கும் டெலிகாலர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். ஒவ்வொரு மேசையிலும் பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு பக்க ஸ்கிரிப்ட். அது எவ்வளவு நீளம் இருந்தால் சரி என்பதை, அதைப் பேசிப் பிழைக்கிறவர்களிடமே கேட்கப் போயிருந்தேன்.

எண்ணை இங்கே யாரும் அழுத்துவதில்லை. டயலர் மென்பொருளே பல எண்களுக்கு அடித்து, எடுத்தவரை மட்டும் காலியாக இருக்கும் டெலிகாலரோடு இணைக்கிறது. அதற்குள் எதிர்முனையில் இருப்பவர் இரண்டு முறை ‘ஹலோ’ சொல்லிச் சலித்திருப்பார். அவரிடம்தான் முதல் பத்தியை ஒப்பிக்க வேண்டும்: நிறுவனத்தின் வரலாறு, வாங்கிய விருதுகள், சிறப்புச் சலுகை. இன்னொரு ஹெட்செட்டில் நானும் கேட்டேன். விருது வரும்போதே பல அழைப்புகள் அறுந்தன.

“நாம மூச்சு வாங்குற நேரத்துல வெச்சிடுவாங்க சார்,” என்றார் நெடுநாளாக அங்கே இருக்கும் ஒரு பெண். அவருடைய தாளில் முதல் பத்தி பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. பெயரையும் கம்பெனியையும் சொல்கிறார். பிறகு, “ஹெல்த் இன்சூரன்ஸ் விஷயமா கூப்பிடறேன். வீட்ல ஏற்கெனவே பாலிசி இருக்குங்களா?” அவ்வளவுதான். ஒரே மூச்சு. அப்புறம் எதிரில் இருப்பவர் பேசுகிறார், இவர் கேட்கிறார்.

இது சாமர்த்தியம் மட்டுமல்ல, நேர்மையும்கூட என்று நினைக்கிறேன். விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. திரையில் அந்த எண்ணைப் பார்த்தபிறகும் எடுக்கிறவரிடம், வந்த காரியத்தை ஒரு பத்திக்குப் பின்னால் ஒளித்து வைப்பதில் என்ன பயன்?

ஆனால் அதே பெண் ஓரிடத்தில் ஒரு சொல்லையும் விடவில்லை. “எனக்கு சுகர் இருக்கும்மா” என்றார் ஒரு பெரியவர். “அப்ப இதை முழுசா கேட்டுக்குங்க ஐயா” என்று சொல்லி, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தை நிதானமாக விளக்கினார். எந்தச் செலவு கிடைக்கும், எது கிடைக்காது, நோயை மறைத்தால் என்ன ஆகும் என்று பேச்சு நீண்டது. காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு முன்பு 48 மாதம். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை 36 மாதமாகக் குறைத்தது. மூன்று வருடம் என்பது நோயாளிக்குச் சின்ன விஷயமா? பெரியவர் அன்று வாங்கவில்லை. “பையன்கிட்ட கேட்டுட்டு சொல்றேம்மா” என்று வைத்துவிட்டார். டீம் லீடருக்கு அதில் திருப்தியில்லை. எனக்கோ, அன்று கேட்டதிலேயே சிறந்த அழைப்பு அதுதான்.

நிபந்தனை தெரியாமல் வாங்கியவர் பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் அதைத் திருப்பித் தர விதி இடம் தருகிறது. அவசரமாக முடித்த விற்பனை அப்படியே திரும்பி வரலாம். அதைவிட மோசம், நிபந்தனை மருத்துவமனை வாசலில் தெரியவருவது.

ஸ்கிரிப்ட் எழுதும் மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பெருமை பேசும் பத்தியை எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டிய நிபந்தனைகளில் ஒரு வரியையும் குறைக்காதீர்கள். எழுதி முடித்ததும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒரு நாள் முழுக்க நீங்களே அதைப் பேசிப் பாருங்கள்.