மவுஸ் யார் கையில்?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஹைடெக் லேபுக்கு முதன்முறை அழைத்துப் போகும்போது என் கையில் ஒரு ஜக்கார்டு அட்டை இருக்கும். காஞ்சிபுரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. டிசைன் மாறினால் பழைய அட்டைக் கட்டு பரணுக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்துக்கு என்று கேட்டால் நெசவாளர் வீடுகளில் மறுக்கமாட்டார்கள். பிள்ளையார்பாளையம் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு அது என்ன என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. அவர்கள்தான் எனக்கு விளக்குவார்கள். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதோடு சேர்ந்த கொக்கி மேலே ஏறும், பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி முட்டிப் பின்வாங்கும், கொக்கி விலகி நின்றுவிடும், இழை கீழேயே கிடக்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை.

இதை அவர்கள் வாயாலேயே வரவழைத்த பிறகு, துளைக்கு 1, துளையில்லாத இடத்துக்கு 0 என்று பலகையில் எழுதுவேன். பத்து இலக்கங்களை மட்டுமே அறிந்த பிள்ளைகள் இரண்டே இலக்கத்தில் எண்ணத் தொடங்குவது அந்த நிமிடத்தில்தான். எட்டு இடம் உள்ள அட்டையை எத்தனை விதமாக அடிக்கலாம்? 256. சரி, வீட்டில் இருப்பது 240 கொக்கிப் பெட்டி என்றால்? இரண்டின் அடுக்கு 240. எழுதிப் பார்த்தால் 73 இலக்கம் வரும் எண். அடுக்குக்குறிப் பாடத்துக்கு இதைவிடப் பெரிய நியாயம் நான் கண்டதில்லை. 1804 வாக்கில் லியோன் நகரத்தில் ஜக்கார்டு செய்த இந்த ஏற்பாட்டைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் பகுப்புப் பொறிக்கு எடுத்துக்கொள்ள நினைத்தார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் துளை அட்டைகளைக் கொண்டே ஹோலரித் எண்ணி முடித்தார். கணினிக்கு முன்னோடியான ஒரு பொருள் தங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்தப் பிள்ளைகள் மவுஸைப் பிடிக்கும் விதமே வேறு.

பள்ளிகளுக்கு எவ்வளவு தொழில்நுட்பம் கொடுத்திருக்கிறோம் என்ற கணக்கு தமிழ்நாட்டில் பெரியதுதான். பல ஆயிரம் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப். 2018இல் வந்த புதிய பாடநூல்களில் பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடு. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. அண்மையில் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்ற அறிவிப்பு. இவற்றை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அரசு இதைக் கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்?

ஆனால் எத்தனை கருவி வந்தது என்று எண்ணுகிறோமே தவிர, அதைத் தொட்டது யார் என்று எண்ணுவதில்லை. வகுப்பறைக்குள் நிற்கிற எனக்கு இரண்டாவது எண்தான் முக்கியம்.

வட்டத்தைப் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம் என்ற தேற்றம். கணக்குப் புத்தகத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பகுதி வரும்; ஜியோஜீப்ராவுக்கு இணைப்பு இருக்கும். வட்டத்தின் மேல் ஒரு புள்ளி. அதை இழுத்தால் புள்ளி நகரும், கோணம் 50 பாகையாகவே நிற்கும். சுண்ணாம்புக்கட்டியால் இதைச் செய்யவே முடியாது, வரைந்த வட்டம் அசையாது. ஸ்மார்ட் போர்டில் ஆசிரியர் இழுத்துக் காட்டினால் அழகாக, வில்லுக்குள்ளேயே இழுத்து நிறுத்திவிடுவார். தேற்றம் நிரூபணமாகிவிடும், பிள்ளைகளும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அதே புள்ளியை ஒரு பிள்ளை கையில் கொடுத்தால் அது சொன்ன எல்லையில் நிற்காது. நாணின் முனையைத் தாண்டிக் கீழ்ப்பக்கத்துக்கு இழுத்துப் போகும். “சார், 130 ஆயிடுச்சு!” என்று ஒரு பெண் கத்தினாள். பக்கத்துக் கணினியில் வேறு நாண், அங்கே 70 இருந்தது 110 ஆனது. இன்னொன்றில் 90, அது மட்டும் எங்கே இழுத்தாலும் மாறவே இல்லை. ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மவுஸ் சத்தம் மட்டும்தான். “ரெண்டையும் கூட்டினா 180 வருது சார்” என்று கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது. வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்களைப் பற்றி நான் அன்று வாயே திறக்கவில்லை. அடுத்த வாரம் எடுக்க வேண்டிய தேற்றம் அது.

உடனே திரையை அணைத்துவிட்டுக் காம்பஸும் பாகைமானியும் எடுக்கச் சொன்னேன். கண் பார்த்ததைக் கை வரைந்து அளந்தால்தான் அது பிள்ளைக்குச் சொந்தமாகிறது. எப்போது போடுவது என்பதைவிட எப்போது அணைப்பது என்பதில்தான் ஆசிரியரின் தொழில் இருக்கிறது.

நான் இடைநிலை ஆசிரியராக இருந்த காலத்தில் செயல்வழிக் கற்றல் வந்தது. ரிஷிவேலி பள்ளியின் முறையைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுக்கப் பரவியது. அப்போது சுவரின் அடியில் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்துக்குக் கரும்பலகை அமைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் ஒரு பங்கு, கையில் ஒரு சுண்ணாம்புக்கட்டி. பாயில் உட்கார்ந்து தலையைத் திருப்பினால் வகுப்பு முழுக்க யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்த முறையில் குறைகளும் இருந்தன. ஆனாலும் நான் கையாண்ட வகுப்பறைக் கருவிகளில் அந்தத் தாழ்ந்த பலகையைத்தான் முதலிடத்தில் வைப்பேன். பல இடங்களில் அதன் மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள் என்று கேள்விப்படும்போது மனசு கஷ்டப்படுகிறது.

கையில் கொடுத்துவிட்டால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. பெரு நாடு எட்டு லட்சத்துக்கும் மேல் மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. பிறகு ஆராய்ந்து பார்த்தபோது கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை. கருவியோடு பாடத்தையும், பக்கத்தில் நின்று ‘ஏன்?’ என்று கேட்க ஓர் ஆளையும் சேர்த்துக் கொடுக்காததுதான் அதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இங்கே 2011 செப்டம்பர் 15, இந்த ஊரில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வாங்கினார்கள். அந்த மடிக்கணினியில் ருத்ராட்சக் கரையையும் அன்னபட்சியையும் கட்டம் கட்டமாக வரைந்து பழகிய மாணவர்களை எனக்குத் தெரியும். திரையின் ஒரு கட்டம், பாவும் ஊடையும் வெட்டிக்கொள்ளும் ஓர் இடம். அவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இந்த ஊரில் பிள்ளைகளின் கைக்கு ஒரு பழைய கதை உண்டு. கோர்வைச் சேலைக்கு மறுபக்கக் கரையின் நாடாவைத் தள்ள, தறியின் ஓரத்தில் ஒரு சின்னப் பிள்ளையை உட்கார வைப்பது வழக்கமாக இருந்தது. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையிலும் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிப் பிள்ளைகளின் நிலை வந்தது. சட்டமும் சிறப்புப் பள்ளிகளும் பெற்றோரின் வைராக்கியமும் சேர்ந்துதான் அவர்களை மீட்டன. அப்படி மீண்டு வந்த கைகளை வகுப்பறையில் கட்டிக்கொண்டு திரையை வேடிக்கை பார்க்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அதனால் என் லேப் பாடவேளைக்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். ஒரு கணினிக்கு இரண்டு பேர். மவுஸ் பிடிக்கிறவர் பேசக்கூடாது, பேசுகிறவர் மவுஸைத் தொடக்கூடாது. பாதி நேரத்தில் இடம் மாற வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை மவுஸைப் பிடுங்கிக்கொள்வதும், வெட்கப்படுகிற பிள்ளை ஆண்டு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தே கழிப்பதும் இதனால் நின்றன.

இன்னொன்று மட்டும் பாக்கி. குழித்தறி பாதி வீட்டை அடைத்துக்கொள்ளும் தெருக்களில் பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்க இடமில்லை. வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவின் டிசைன் படங்களுக்கும் கூலிக் கணக்குக்குமே போதவில்லை. அதே நேரத்தில் எங்கள் கணினிகள் பூட்டிய அறைக்குள் இருக்கின்றன. பள்ளி விட்ட பிறகு தினமும் ஒரு மணி நேரம் அந்த அறை திறந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும். புதுக் கருவி வாங்கும் செலவில் சின்னப் பங்கு இதற்குப் போதும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் ஒவ்வொன்றிலும் இதைக் கேட்டு வருகிறேன். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.